பளபளப்பு உள்ள பக்கம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் மண்டைக்குள்தான் ஒரே குழப்பம். போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம். படித்துவிட்டு நீயாவது எனக்கு விளங்குகிற மாதிரி ஏதாவது சொல்லு.

விஷயம் நம் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான், உடனே முகத்தைச் சுளிக்காதே. இரண்டு மாதமாக அம்மா அதில் ஏறுவதில்லை. உன் மாமா படுத்த படுக்கையாகக் கிடப்பதால் ஞாயிறு தவறாமல் பார்க்கப் போகிறோம், ஒரு மணி நேரப் பாதை. இருபத்தெட்டு வருஷம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள் திடீரென்று ஒரு நாள், கூரைக் கண்ணாடி வழியா வெயில் மண்டையைப் பொளக்குது, நான் பஸ்ல வரேன் என்றாள். சொன்னபடியே பஸ்ஸில் ஏறியும் போய்விட்டாள். நீங்களும் பஸ்ல போங்களேன்பா என்பாய். மனசு வரவில்லையே! பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். ஒரு காலத்தில் ரோட்டில் எல்லாரையும் முந்திக்கொண்டு போன கார், இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸோடு சேர்ந்து நிற்கிறது, டிரைவர் எனக்குக் கை காட்டுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டார். இருப்பதே இரண்டு சீட், அதில் ஒன்று காலி என்றால் பாதி வீடு காலியான மாதிரி இருக்கிறது அம்மாடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது ஒரு நாள்.

ஊர் முழுக்க ஏசி மாட்டிப் பிழைத்தவன் நான், என் பெண்டாட்டி தலைக்கு மேல் இருக்கிற சூட்டைக் குறைக்க முடியவில்லை என்றால் வெளியே சொல்லவே வெட்கம். அந்தப் பழைய எஞ்ஜின் ஏசியைத் தாங்காது. கூரையில் இருக்கிற இரண்டு கண்ணாடிப் பலகையையும் கழற்றிவிடலாம், ஆனால் வெயில் நேராகவே இறங்கும். மெக்கானிக்கைக் கேட்டால் வெள்ளை பெயின்ட் அடிச்சுடுங்க சார் என்கிறான். கண்ணாடிக் கடைக்காரர், பெயின்ட் கியின்ட் அடிச்சா கண்ணாடி விரிசல் விடும், நான் பொறுப்பில்ல என்கிறார். யாரை நம்புவது? அப்போதுதான் நீ கண்ணாடியில் ஒட்டுகிற அந்த வெயில் தடுப்பு ஃபிலிம் சுருளை அனுப்பினாய். ஒட்டும்போது உனக்கு போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? பளபளப்பு உள்ள பக்கம் வெளியே பார்க்கணும்ப்பா என்றுதான் நீ சொல்லியிருக்கிறாய். எனக்குப் பளபளப்பு உள்பக்கம் என்று கேட்டது, அதோடு லைன் போய்விட்டது. நானும் உள்பக்கமாக வைத்து, சோப்புத் தண்ணி தெளித்து, ஒரு குமிழி இல்லாமல் இழைத்து ஒட்டினேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து எட்டிப் பார்த்தாள். கூரையில் அவள் முகமே தெரிந்தது. என் நரைமுடியை எண்ணிப் பாக்கச் சொல்றீங்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உரித்துவிட்டு, பளபளப்பு வெளியே பார்க்கிற மாதிரி மறுபடியும் ஒட்டினேன். மத்தியானம் வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தேன், முன்னால் ஐம்பத்தொன்று, இப்போது நாற்பத்திரண்டு. ஒன்பது டிகிரி! தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் அம்மா கண்ணுக்கு நேராக நீட்டினேன். அவள் வந்து காருக்கு வெளியே நின்றபடியே கையை மட்டும் உள்ளே விட்டு, எங்கே, அப்படியேதான் கொதிக்குது என்றாள். உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறி, உனக்குச் சூடு காரில் இல்லை மனசில்தான் என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றுமே பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம், நம் வீட்டில் அவள் பதில் சொல்லாமல் விட்டது எப்போது?

போன மாதக் கடைசி ஞாயிறுதான் எனக்குக் கண் திறந்தது. பஸ் நின்றது, நான் பின்னால். அம்மா இறங்கினாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு காலை வைத்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அம்மாடி, முட்டி! நம் கார் சீட் தரையை ஒட்டிக் கிடக்கிறது, அதிலிருந்து எழுந்திருக்க அவளால் முடியவில்லை. இதைச் சொல்லாமல் வெயில் வெயில் என்று எதற்குச் சொன்னாள்? முட்டி வலி என்றால் மறுநாளே காரை விற்றுவிடுவேன் என்று பயந்தாளா, இல்லை வயசானதை ஒத்துக்கொள்ள மனசில்லையா? கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன், வரவில்லை.

சரி, அவள் சூடு என்றால் நானும் சூடு என்றே வைத்துக்கொண்டேன். சீட்டுச் சூடு ஏறாமல் இருக்கட்டும் என்று சொல்லி நாலு விரல் உயரத்துக்குக் கெட்டியாக ஒரு மெத்தை தைத்து வாங்கினேன். வெயில் மறைப்புத் துணி தொங்கவிட என்று சொல்லிக் கதவுக்கு மேலே நல்ல தடிமனான வார்ப்பட்டை ஒன்றை போல்ட் போட்டு இறுக்கினேன். துணி இன்னும் தொங்கவிடவில்லை, தொங்கவிடப் போவதும் இல்லை. நேற்று ஞாயிறு. அம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள், காரைப் பார்த்தாள், வாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெத்தையின் உயரத்தால் அவள் தலை கூரைக் கண்ணாடியை இடிக்காத குறைதான். கணக்குப்படி முன்னைவிட வெயில் அவளுக்குத்தான் பக்கம். பாதி வழியில் என் பக்கம் திரும்பாமலே, இப்பத்தாங்க சூடு குறைஞ்சிருக்கு என்றாள். ஆமாம், ஃபிலிம் நல்ல ஃபிலிம் என்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா, எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா, ஒன்றும் விளங்கவில்லை போ. மாமா வீட்டு வாசலில் நான் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட, இறங்கும்போது வாரோடு என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. அடுத்த தடவை பேசும்போது நீயாகவே கேட்பது போல, முட்டியை ஒரு டாக்டரிடம் காட்டும்மா என்று அம்மாவிடம் சொல்லு, நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. அவள் வெயிலைப் பற்றி ஆரம்பித்தால் நீயும் வெயில் என்றே சொல்லிவிடு.

இப்படிக்கு,
பஸ்ஸுக்குப் பின்னால் போகாத
உன் அப்பா