செயின்சோக் கொட்டில் விளக்கு

2025 ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்ற கை காயும் முன்பே வீட்டுப் பின்புறக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். பாண்டிருப்புக் கனகசிங்கத்தின் செயின்சோ இன்றைக்குப் போயாக வேண்டும். மரம் அரிந்து பிழைப்பவன், மெசின் இல்லாமல் ஒரு கிழமையாக வீட்டில் இருக்கிறான்.

சுவீடனில் செய்த மெசின். சுனாமிக்குப் பிறகு விழுந்த மரங்களை அப்புறப்படுத்த வந்த வெளிநாட்டார் விட்டுப்போனது. அப்போதே அது பழசு. பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றரைத் திறந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கருவாடாகக் காய்ந்து கிடந்தது. அதை மாற்றினேன். பெற்றோல் குழாயும் புதிதாகப் போட்டேன்.

பிறகு எனக்குப் பிடித்த வேலை. மெசினை முழு வேகத்தில் ஓடவிட்டு, காபரேற்றர் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறுக்குவது. பெற்றோல் கூடினால் மெசின் குமுறும். குறைந்தால் கீச்சென்று கத்தும். பெற்றோலோடு கலந்துதான் எண்ணெய் உள்ளே போகிறது, ஆகவே பெற்றோலை அளவுக்கு மேல் குறைத்தால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். கத்தலுக்குச் சற்று முன்னால், கொஞ்சம் குமுறல் மிச்சமிருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் குமுறல் தெளிந்துவிடும். புது மெசின்களில் இதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாம். என்னிடம் வருகிற கிழடுகளுக்குக் காதுதான் அளவு.

இறுக்கினேன். குமுறியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இன்னும் குமுறுவது போலத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம். சமைத்துக்கொண்டிருந்த என் பெண்சாதி நஸ்லா, கொட்டிலைப் பார்த்த குசினி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். என்ன கோபமோ.

செம்மஞ்சள் நிறக் காதுமூடி ஆணியில் தொங்குகிறது. நஸ்லாவின் கரைச்சல் தாங்காமல் வாங்கியது. ஒருநாளும் போட்டதில்லை. காதை மூடிக்கொண்டு மெசினுக்கு எப்படிச் சுருதி பார்ப்பது? அதற்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கனகசிங்கம் வந்து மெசினைக் கொண்டுபோனான். பொழுதுபட்டு, பள்ளியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மற்ற வேலையை நிறுத்தினேன். கொட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜூலை 7, திங்கள்

என் துணிக்கடை. உடுக்கச் சாரன் வாங்க வந்தவர் என்ன கரை கேட்டார் என்று இரண்டுதரம் கேட்க வேண்டியதாகிவிட்டது. மனுசர் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே கதைக்கிறார்கள்.

ஜூலை 9, புதன்

கனகசிங்கம் மெசினை யூரியாச் சாக்கில் போட்டுக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்தான். என்னைச் சொந்த அண்ணன் போலக் காக்கா என்பான்.

“காக்கா, இறுகிட்டு. கயித்த இழுத்தா கல்லு மாதிரி நிக்குது.”

“என்னத்த அரிஞ்ச?”

“மாவடிப்பள்ளியில ஒரு தென்ன. அரவாசியும் போகல்ல. நல்லாத்தான் கத்திச்சு. கத்திக் கத்தி நிண்டுட்டு.”

எண்ணெயைச் சரியாகக் கலந்தானா என்று கேட்டேன். நான் கலந்து கொடுத்த போத்தல்தான் என்றான். எனக்கே அது தெரியும். எதையாவது கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

“பழசுதானே காக்கா, அதுக்கும் ஒரு முடிவு இருக்குத்தானே” என்றான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த கிழமை ஒரு வளவு முழுக்கத் தென்னை வெட்ட ஒப்புக்கொண்டிருக்கிறானாம். என்னுடைய ஜெர்மன் மெசினைக் கொடுத்து அனுப்பினேன். அது எப்போதோ சுருதி பார்த்து வைத்தது, இன்னும் கை வைக்க வேண்டி வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

திறந்தேன். புகை வெளியேறும் பக்கம் பிஸ்டன் நெடுகக் கீறியிருக்கிறது, பூனை பிராண்டின மாதிரி.

எங்கேயாவது காற்று ஒழுகினால் இப்படி ஆகும். துவாரங்களை அடைத்துக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன். எண்ணெய் கலந்த போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிறம் சரி.

அப்படியென்றால் ஸ்குரூதான். ஸ்குரூ என்றால் நான்தான். ஆனால் எப்படி? அன்றைக்குக் குமுறியதே. என் காதால்தானே கேட்டேன்?

ஜூலை 18, வெள்ளி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் நாளைக்கு நானே இல்லை என்பேன்.

பின்னேரம் வேறொரு மெசினை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே பெரிதாக இல்லை. பக்கத்து வளவுச் சல்மா உம்மா வேலிக்கு மேலால் கையை ஆட்டினார். என்னவோ சொல்கிறார் என்று மெசினை நிறுத்தினேன்.

“மனே மசூர், பாங்கு சொல்லச் சொல்ல மெசின ஓட்டிக்கிட்டு நிக்கிறியே, என்ன வந்திச்சு உனக்கு?”

பாங்கு முடிந்திருந்தது. ஆட்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை வருசத்தில் பாங்கு நேரத்தில் என் மெசின் ஓடியது கிடையாது. அது இந்தத் தெருவுக்கே தெரியும்.

தொழுதுவிட்டு வந்து நஸ்லாவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள்.

“பல்பு போயிட்டு. காலையிலேயே பாத்தன். மாத்த மறந்திட்டன்.”

“பாங்குக்கும் பல்புக்கும் என்ன?”

“பாங்கு சொன்னா நான்தானே கொட்டில் லைற்றப் போடுற. அதப் பாத்துத்தானே நீங்க நிப்பாட்டுற.”

நான் பாங்கு கேட்டுத்தான் நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொழுதுபடுகிறதே என்று அவள் விளக்கைப் போடுகிறாள், அவ்வளவுதான் என்று.

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கன நாளா என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க ஓம் எண்டா சொல்லியிருப்பீங்க?”

ஜூலை 22, செவ்வாய்

கல்முனையில் காது பார்க்கிற இடம். சின்ன அறை. காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்து, சத்தம் கேட்டால் அமத்துங்க என்றாள் அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஊதல் கேட்டது. அமத்தினேன். பிறகு ஒன்றுமில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மெசின் வேலை செய்யல்லையா மகள்?” என்று கேட்டேன்.

“வேலை செய்யுது அங்கிள். இப்பவும் சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கு.”

தாழ்ந்த சத்தம் கேட்கிறதாம். உயர்ந்த சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டதாம், போனது போனதுதானாம். ஆட்களோடு கதைக்க ஒரு கருவி மாட்டலாம், ஆனால் மெசினுக்குப் பக்கத்தில் அதைப் போடக் கூடாது என்றாள். என்ன தொழில் என்று கேட்டாள். சாரன் கடை என்றேன். நம்பவில்லை போலிருந்தது.

ஜூலை 23, புதன்

நஸ்லா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். கொஞ்சம் குறைவாம் என்றேன். ஓம் என்றுவிட்டுச் சோறு போட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

இப்போது விளங்குகிறது. கனகசிங்கத்தின் மெசின் அன்றைக்குக் கீச்சென்று கத்தியிருக்கிறது. கத்தல் என் காதுக்கு வரவில்லை. அதற்குக் கீழே கிடக்கிற உறுமல் மட்டும் வந்தது. அதைக் குமுறல் என்று எடுத்து, பெற்றோல் இன்னும் கூடுதல் என்று நினைத்து, இன்னும் இறுக்கினேன். அவன் வாயாலேயே “கத்திச்சு” என்று சொன்னான். அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அஸருக்குப் பிறகு பாண்டிருப்புக்குப் போய் அவனிடம் சொன்னேன். மெசின் தானாகப் போகவில்லை, நான்தான் கெடுத்தேன், எனக்குக் காது கேட்பதில்லை. வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். பெண்சாதியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னான்.

“உங்கட கையாலதானே கெட்டது காக்கா. உங்கட கையாலயே சரியாகட்டும். நான் வேற ஆருட்டயும் குடுக்க மாட்டன்.”

கை அல்ல, காதுதான் கெட்டது என்று திரும்பவும் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினான். அவன் நல்லவனாக இருப்பதால் எனக்கு ஒரு உதவியும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மேற்கிலிருந்து வறண்டு வீசுகிற கச்சான் காற்று. கொட்டில் முழுக்க மணல். சுவர்த் தட்டில் நான் சேர்த்து வைத்திருக்கிற பழைய மெசின்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, விலைப்படாத சாரன்களில் சுற்றிக் கட்டினேன். சம்மாந்துறையில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவருக்குக் கொடுத்துவிடலாம். கனகசிங்கத்தின் பிஸ்டன் கொழும்பில் இருந்து வந்ததும் அதைப் பூட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

இது தொழில் இல்லை. இதனால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனாலும் கவலையாக இருக்கிறது. கடையில் நாள் முழுக்க வாங்க, இருங்க, விரிச்சுப் பாருங்க என்று கதைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை கதைக்காத ஒன்றோடு இருப்பேன். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும் என்ற ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் போகிறது, வேறென்ன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கொட்டிலுக்குப் போகவில்லை. பகல் நித்திரை. தலையிடி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பிஸ்டன் வந்துவிட்டது. பூட்டினேன். கைவேலையில் குறையில்லை, அதற்குக் காது தேவையில்லை.

ஸ்குரூவை நன்றாக வெளியே திருப்பி, பெற்றோலைக் கூட்டி வைத்தேன். இப்படிக் கொடுத்தால் புகைக்கும், வேகம் இருக்காது, ஆனால் பிடிக்காது. வேகத்தை அளக்கிற மீற்றர் ஒன்று விற்கிறார்கள். இந்தக் கிழடுக்கு எந்த எண் சரி என்று சொல்ல யாரும் இல்லை. கனகசிங்கம் புகையோடு காலம் தள்ளட்டும். மெசினை ஓடவிட்டு, கடைசி முறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்தியதும் ஜன்னலுக்குள் இருந்து நஸ்லா சத்தமாகச் சொன்னாள்.

“இன்னும் வரல்ல.”

“என்ன வரல்ல?”

“அந்தச் சத்தம். நீங்க நிப்பாட்டுற சத்தம்.”

குசினிக்குள் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். நான் தன் முகத்தைப் பார்க்கும்படி திரும்பிநின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள்.

“ஒவ்வொரு வெள்ளியும் இந்த இழவெடுத்த சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிக்கிறன். எப்ப முடியும், எப்ப முடியும் எண்டு. முதல்ல சளி புடிச்ச மாதிரிக் கெடக்கும். மறுகா தெளியும். தெளிஞ்சு ஒரு இடத்துக்கு வந்தா நீங்க நிப்பாட்டிடுவீங்க. எனக்கும் நிம்மதி. அந்த இடம் எனக்குத் தெரியாதா?”

“அப்ப கனகசிங்கத்துட மெசின்?”

“அண்டைக்கு அந்த இடம் வந்திச்சு. நீங்க நிப்பாட்டல்ல. மேல மேல கத்த வெச்சீங்க. காது கிழியிற மாதிரி. அதுதானே ஜன்னலச் சாத்தின.”

கோபம் வந்தது. அவளில் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் வந்தது. செயின்சோவை அவள் விரலாலும் தொட்டதில்லை. பெற்றோல் மணத்துக்கே முந்தானையால் மூக்கைப் பொத்துவாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சோதித்துப் பார்த்தேன். கனகசிங்கம் திருப்பித் தந்த ஜெர்மன் மெசினைத்தான் வைத்துச் செய்தேன். அதன் ஸ்குரூ நிற்கிற இடத்தைப் பேனையால் கோடு போட்டுக்கொண்டு, முதலில் வெளியே திருப்பி ஓடவிட்டேன். நிறுத்திவிட்டு, ஜன்னலில் நின்ற நஸ்லாவைக் கேட்டேன், சளி என்றாள். உள்ளே இறுக்கி ஒரு கணம் ஓடவிட்டேன். காதைப் பொத்திக்கொண்டு, நிப்பாட்டுங்க என்று கை காட்டினாள். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தரமும் நிறுத்திக் கேட்டுக்கொண்டு போனேன். இதான் என்றாள்.

குனிந்து பார்த்தேன். பேனைக் கோட்டில் நின்றது.

வெயிலில் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு கொஞ்சநேரம் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தலை சுற்றவில்லை.

இங்கே வந்து பக்கத்தில் நின்று சொல்லேன் என்றேன். “அந்த மணத்துக்குள்ளயா? நான் வர மாட்டன்.” மெசின் ஓடும்போது அவள் ஜன்னலில் நின்று கத்தினாலும் எனக்குக் கேட்காது. அப்போது அவளே சுவிச்சைக் காட்டினாள். கொட்டில் விளக்கின் சுவிச் குசினிச் சுவரில்தானே இருக்கிறது.

பாங்குக்கு என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். பாங்குக்கு அணைத்து அணைத்துப் போடுவாளாம். மெசின் அந்த இடத்துக்கு வந்தால் ஒருதரம் மட்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாரன் கட்டுகளை அவிழ்த்து மெசின்களைத் திரும்பத் தட்டில் வைத்தேன். சம்மாந்துறைக்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. போன வெள்ளியே விளக்கைப் பார்த்து ஸ்குரூவை நிறுத்திக் கொடுத்த கனகசிங்கத்தின் மெசின் இந்தக் கிழமை முழுக்கத் தென்னை அரிந்திருக்கிறது. புது வாள் மாதிரிப் போகுது, கை ராசி காக்கா என்று போனில் சொன்னான். கை ராசி இல்லை, குசினி ராசி என்றேன். விளங்காமல் சிரித்தான்.

இன்றைக்கு ஒரு பழைய அமெரிக்க மெசின். எடுக்கும் முன் காதுமூடியை ஆணியில் இருந்து இறக்கி, குளவிக் கூட்டைக் குச்சியால் தட்டிவிட்டு, உள்ளே நன்றாகத் துடைத்தேன். நஸ்லா ஜன்னலை அகலத் திறந்து வைத்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். காதை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். ஸ்குரூவில் கையை வைத்து, மெசினைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.