கேப்டன் சொன்னதும் குதித்தவருக்கு

என்னங்க,

காலையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன். நீங்கள் கடைசியாக அனுப்பிய அட்டைப்பெட்டியில் வந்த பாட்டில்தான். மூடியைத் திருகியதும் வீடு முழுக்க நீங்கள் வந்துவிட்டீர்கள். கதவைத் திறந்துபோட்டும் போகவில்லை. மத்தியானம்வரை இருந்தீர்கள்.

உங்கள் பெட்டியில் வரும் எல்லாமே இந்த வாசனைதான் அடிக்கும். சோப்பு, பால் பவுடர், பேரீச்சை, சாக்லெட், எதைப் பிரித்தாலும் தைலம். நஸ்ரின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சாக்லெட் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். திண்டிவனம் கடையில் ஒருமுறை வாங்கிக் கொடுத்தேன். "இது நல்லால்லம்மா, வாசனையே இல்ல" என்று துப்பிவிட்டாள். நான் போனில் சொன்னதும் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

துபாயில் இருந்துகொண்டு ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்? பணம் அனுப்பலாம், பெட்டி அனுப்பலாம். நீங்கள் இன்னொன்றும் செய்தீர்கள். பிள்ளை சாப்பிடுவதை வீடியோவில் பார்த்தீர்கள். "இன்னொரு வாய் கண்ணு, அத்தா பாக்கணும்ல" என்பீர்கள். வயிறு நிறைந்து எழுந்தவள், உங்கள் போன் வந்தால் மறுபடி தட்டுப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நான் கத்தினால், "புள்ளைய ஏங்க வெக்காத" என்று எனக்குத்தான் திட்டு விழும்.

அவள் கழுத்தில் படிந்த கறுப்பை நான் அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது அழுக்கில்லை, உடம்பில் சர்க்கரை சேரப்போகிறது என்பதற்கான அடையாளம் என்று விழுப்புரத்து டாக்டரம்மா சொன்னார். வயதுக்கு மீறிய எடை. குழந்தையைப் பட்டினி போடக்கூடாது, குடும்பமே சேர்ந்து ஓடியாட வேண்டும் என்றார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம் பஸ் ஏற ஆரம்பித்தோம். அங்கே ஒரு பெரிய ஹாலில் நஸ்ரினைப் போன்ற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்து ஓடுவார்கள், குதிப்பார்கள், மூட்டை மாதிரி உருளுவார்கள். சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர். சின்ன வயசுதான், வாய் மட்டும் பெரிசு.

"பெரியவங்க பெஞ்சில உக்காந்துக்கினு புள்ளைய மட்டும் குதிக்கச் சொன்னா, அது தண்டனைங்க. வூட்டுல புள்ளதான் கேப்டன். அது சொல்றத நீங்க செய்யணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா வர்லியா?" என்றார்.

"துபாய்ல இருக்காருங்க."

"போன் இருக்குல்ல? அவரையும் குதிக்கச் சொல்லுங்க."

நீங்கள் மாட்டேன் என்பீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலமே வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றீர்கள். போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்தோம். உங்கள் அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம்தான். கையைத் தூக்கினால் மேல்கட்டிலில் இடிக்கும். "இன்னா பாய், கல்யாணமா, டான்ஸெல்லாம் பலமா கீது" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. கேப்டன் குதிக்கச் சொன்னால் குதித்தீர்கள், குந்தச் சொன்னால் குந்தினீர்கள்.

நெட்வொர்க் எப்போதும் இழுக்கும். அவள் "ஒண்ணு" என்றால் உங்கள் "ஒண்ணு" சற்றுத் தள்ளித்தான் வந்து சேரும். அதற்குள் அவள் "ரெண்டு" சொல்லியிருப்பாள். "அத்தா லேட்டு, அத்தா லேட்டு" என்று குதித்துக்கொண்டே சிரிப்பாள். பி.டி. பீரியடில் மரத்தடியில் ஒதுங்கி நின்ற பிள்ளை, தானாக இறங்கி ஆடத் தொடங்கினாள். அடுத்த பெட்டியில் சாக்லெட் இல்லை, ஸ்கிப்பிங் கயிறு இருந்தது. அதுவும் தைல வாசனைதான்.

அந்தக் கடைசிச் சாயங்காலம் உங்கள் முகம் சரியாக இல்லை. வெயில் என்றீர்கள். பாதியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிரித்தபடியே, "அத்தாவுக்கு மூச்சு வாங்குது கேப்டன்" என்றீர்கள்.

"இன்னும் பத்து அத்தா! பத்தே பத்து!"

குதித்தீர்கள். பத்தும் குதித்தீர்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினீர்கள். மறுநாள் வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டதாக உங்கள் அறைக்காரர் போன் செய்தார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை. நாங்கள் கடைசியாகப் பார்த்த உங்கள் முகம், வேர்த்துக்கொட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த முகம்தான். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. வேறு முகம் வர மாட்டேன் என்கிறது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷனைப் பறிகொடுத்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் அந்த மாதங்களில், நஸ்ரினும் என்னோடு அறைக்குள் அடைந்துகொண்டாள். கயிற்றைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் பேசாமல் தின்றாள். ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பத்துன்னு சொன்னது நான்தாம்மா."

இல்லவே இல்லை என்றேன். டீச்சர் போனில் சொன்னார். டாக்டரம்மாவும் சொன்னார், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. எல்லோருக்கும் தலையாட்டினாள். நம்பியவள் ஆட்டுகிற தலையாட்டலாக அது தெரியவில்லை. அவளிடம் அடித்துச் சொன்ன எனக்கு மட்டும் தெரியுமா? தொழும்போதுகூட உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து உங்களை என்ன செய்தது?

அவள் மறுபடி பெருத்தாள். படி ஏறினால் இரைத்தது. இப்படியே விட்டால் உங்கள் பின்னாலேயே இவளையும் அனுப்பிவிடுவேன் என்று பயம் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்று, வெள்ளைப் புடவையோடு, நான் பாட்டுக்கு அறைக்குள் குதிக்க ஆரம்பித்தேன். துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கூடத்தில் வாய்விட்டே கேட்டாள்: "மவுத்து வூட்டுல இன்னா குதி இது?" உங்கள் அம்மா விட்டாரே ஒரு போடு: "எம் புள்ள இருந்தா அவனும் குதிப்பான். நீ டீய குடிச்சிட்டு கெளம்பு."

நஸ்ரின் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து பக்கத்தில் நின்றாள். "ஒண்ணு" என்பாள், கொஞ்சம் நிறுத்துவாள். அப்புறம்தான் "ரெண்டு". யாருக்காக அந்த இடைவெளி என்று நான் கேட்டதில்லை. ஃபேன் சத்தமோ என்னவோ, அந்த நேரத்தில் எனக்கு உங்கள் குரல் கேட்கிறது. இப்போதும் கேட்கிறது.

எனக்கு மூச்சு வாங்கினால் போதும், அவள் முகம் வெளுத்துவிடும். தண்ணீர் எடுக்க ஓடுவாள், நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள், அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். அதனால் வாயை மூடிக்கொண்டு மூச்சுவிடப் பழகினேன். தாங்க முடியாவிட்டால் அடுப்படிக்குப் போய், பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாங்கிக்கொள்வேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இத்தா முடிந்து விழுப்புரம் போகத் தொடங்கினோம். போன ஞாயிறு ஹாலைச் சுற்றி ஓட்டம். நஸ்ரின் முன்னால், நான் பின்னால். உதட்டை இறுக்கிக்கொண்டு ஓடினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, தூணைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தவள் பயந்துபோயிருப்பாள் என்று பார்த்தால், முகம் முழுக்கக் கோபம்.

"வாய மூடிக்கினு மூச்சு வுடறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறியா? பைப்ப தொறந்து வுட்டுக்கினு பண்றதும் தெரியும். ஏம்மா யாருமே எங்கிட்ட சொல்ல மாட்றீங்க? முடியலன்னு சொன்னா நான் நிறுத்திடுவேன்ல?"

யாருமே என்றாள். அதில் நீங்களும் இருந்தீர்கள். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"முடியல நஸ்ரின்" என்றேன்.

உடனே அவளும் உட்கார்ந்துவிட்டாள். மற்ற குடும்பங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடின. நான் ஹால் முழுக்கக் கேட்கும்படி வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். அவள் அழவில்லை, நெஞ்சில் கை வைத்துப் பார்க்கவுமில்லை. என் தோளில் சாய்ந்து காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "இப்ப?" என்றாள். முடியும் என்றேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அந்தப் பத்து உங்களை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. இனி யாரும் வந்து சொல்லப் போவதுமில்லை. பிள்ளை முன்னால் முடியாது என்று சொல்ல உங்களுக்கு வராது, அதை நான் அறிவேன். உங்கள்மேல் கோபமாகக்கூட இருக்கிறது. சிரிக்காமல் சொல்லியிருக்கலாம், என்னங்க. நம் பிள்ளை நிறுத்தியிருப்பாள்.