அழித்து எழுதிய அட்டவணை

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. உயிர்த்தெழுந்தவரின் சமாதானம் உன் வீட்டில் நிறைவாக இருக்கட்டும். என் வீட்டில் அது இன்னும் வாசல் வரைக்கும்தான் வந்திருக்கிறது.

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாதது தபால்காரர் குற்றமில்லை. போனை எடுக்காததும் வேலை மும்முரத்தால் இல்லை. நீ பேசும்போது பின்னால் உன் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைக்கவா என்று கேட்பார். அந்தக் குரல் காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தான் எடுப்பதில்லை. கோபித்துக்கொள், பரவாயில்லை.

இங்கே நானும் மகளும் சுகம். பள்ளிச் சீருடை ஆர்டர் மொத்தமாக வந்து கடை நிறைய வெள்ளைத் துணி. காலர் தைத்துத் தைத்து எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். அவளுடைய அப்பா மாதிரியே குளியலறை விளக்கை அணைக்காமல் போகிறாள். திட்ட வாய் வரவில்லை.

இரண்டாவது கடிதத்தில் உன் வீட்டுக்காரர் விடும் குறட்டையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தாய். படித்ததும் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து இஸ்திரிப் பெட்டியால் நீவி வைத்தேன். கூட வைத்திருந்த போட்டோவில் அவருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. போன வருடம் எலும்பும் தோலுமாகக் கிடந்த மனிதர். கூடப் பிறந்தவளின் கணவர் பிழைத்தாரே என்று பூரிக்க வேண்டியவள் நான். எனக்கு வயிறு எரிகிறது, சின்னவளே. உன் வீட்டில் துவைக்க ஆண்பிள்ளைச் சட்டை கிடக்கிறதே என்பதற்குக்கூட எரிகிறது.

கடைசிக் கடிதத்தில், அவருக்கு மறுபடி இருமல், நுரையீரலில் ஏதோ நிழல் தெரிகிறது, வருகிற புதன்கிழமை பத்து மணிக்குப் பரிசோதனை என்று எழுதியிருக்கிறாய். உன் ஜெபத்தைத்தான் ஆண்டவர் கேட்டார் அக்கா, இன்னொரு தடவை சங்கிலி ஜெபம் போடு என்று கெஞ்சியிருக்கிறாய். அந்த நிழல் என்ற வார்த்தையைப் படித்தபோது ஒரு நொடி என் மனசு லேசானது. ஒரே ஒரு நொடிதான். ஆனால் லேசானது. இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு உனக்கு ஆறுதல் எழுத எனக்கு முகமில்லை.

ஈஸ்டர் ஆராதனையில் போதகர் உன் சாட்சியை வாசித்தார். அனுப்பும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சபை இடைவிடாமல் ஜெபித்தது, ஆண்டவர் என் கணவரைத் திருப்பித் தந்தார் என்று எழுதியிருந்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்தது உயிர்த்தெழுதல் பாட்டு. பெரிய வெள்ளிக்கு மூடி வைத்த கீபோர்டை அந்தப் பாட்டுக்குத்தான் திறப்போம், உனக்குத் தெரியுமே. திறந்தேன். கை மடியை விட்டு எழவில்லை. போதகர் திரும்பிப் பார்க்கிறார், பாடகர் குழு பார்க்கிறது. நம் அல்லேலூயா மாமா எழுந்து, கோயில் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, கரண்ட் போய்விட்டது என்று அறிவித்துவிட்டு அவரே பாட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் பிடித்த சுருதி யாருக்கும் எட்டவில்லை. அத்தனை பேரும் கத்திக்கொண்டே ஈஸ்டர் கொண்டாடினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிரசங்கத்தில் போதகர், இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றிச் சொன்னார். போய்ப் பார்த்தால் காலியாக இருந்ததாம். அவர்கள் மேலும் பொறாமை வந்தது. நான் போகிற கல்லறை காலியாக இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். போன வருடம் நம் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் நிமோனியாவோடு அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்களே, நீ ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை. சங்கிலி ஜெபத்துக்கு அட்டவணை போட்டது நான். சபையின் அட்டவணை எல்லாம் நான்தானே போடுவேன், கோயில் பெருக்குவதில் இருந்து கல்யாணப் பந்தி வரைக்கும். ஆளுக்கு அரை மணி, இரவும் பகலும் விடாமல். ஒரு அரை மணி உன் அத்தானுக்கு, அடுத்த அரை மணி உன் வீட்டுக்காரருக்கு என்று மாற்றி மாற்றி பென்சிலால் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர், உன் அத்தானைத் திங்கட்கிழமை சாதாரண வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். உன் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் குழாய் போடப் போகிறோம் என்றார். நான் நேரே கோயிலுக்குப் போனேன். ரப்பரை எடுத்து உன் அத்தான் பெயரை அழித்தேன். எல்லாக் கட்டத்திலும் அழித்து, எல்லாவற்றிலும் உன் வீட்டுக்காரர் பெயரை எழுதினேன். என்னவரை ஆண்டவர் பார்த்துக்கொண்டார், இனி முழு நேரமும் இவரைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். என் அட்டவணைக்கு யார் மறுபேச்சு பேசுவார்கள்? அப்படியே ஜெபித்தார்கள். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பவனி தெருமுனை திரும்புவதற்குள், உன் அத்தான் போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் வந்துவிட்டது. வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

ஒரு வருடமாக இதையே திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். ஆண்டவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் நடத்துகிறார் என்றால், என் புருஷனை ரப்பரால் நானே அழித்தேன். அப்படி இல்லையென்றால், நீ எழுதிய சாட்சியில் ஒன்றுமில்லை. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது, சொல்?

ஈஸ்டர் முடிந்த மறுநாள் போதகர் கடைக்கு வந்தார். கீபோர்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன். தைக்காத காலர் ஒன்றைக் கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தவர், “எனக்குத் தெரியலைம்மா” என்றார். இந்த ஒரு வருடத்தில் சபையில் நான் கேட்ட பேச்சில் அதுதான் மனசுக்கு ஒட்டியது.

நீ கேட்ட அட்டவணையை நான் போடவில்லை. இனி யாருக்காகவும் போடமாட்டேன். புதன்கிழமை பத்து மணிக்குக் கடைக் கதவைச் சாத்திவிட்டு, நான் ஒருத்தி மட்டும் உன் வீட்டுக்காரருக்காக அரை மணி முழங்காலில் இருப்பேன். விசுவாசத்தோடு என்று சொன்னால் பொய். பொறாமை தீர்ந்து என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். வயிறு எரிந்துகொண்டேதான் கேட்பேன், அவரை எடுத்துக்கொள்ளாதேயும் என்று.

அந்த அரை மணி அவரை என்னிடம் விட்டுவிடு. நீ அவருக்காக ஜெபிக்காதே. உன் அத்தான் பெயரைச் சொல்லு. செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று நமக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள், தெரியும். தப்பாகவே இருக்கட்டும். அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு யாருமே அவர் பெயரை ஆண்டவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீயாவது சொல்லு.

உன் வீட்டுக்காரர் நல்லபடியாக வீடு திரும்பட்டும்.

உன்
அக்கா