சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் மூன்றாம் அத்தியாயமும்

கிட்வே
புதன்கிழமை

அன்பு மகன் மலாமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை கறுத்தால் முனகுகிறது, நீயும் மருமகளும் அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். எழுத்தில் அது முடியாது, நான் முடிக்கிற வரைக்கும் நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கடைசியாகப் பேசியபோது சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, அந்தப் பழசைத் தூக்கிப் போடு, கிறிஸ்துமஸுக்குப் புதுசு அனுப்புறேன், பரீட்சைய அடுத்த வருஷம் எழுதிக்கோ, இப்ப என்ன அவசரம்" என்றாய். உன் சித்தப்பா கபாசோ அதையே நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நான் பொரித்த விதும்புவாப் பணியாரத்தைத் தின்றுகொண்டே சொன்னார். "அண்ணி, பேரன் பேத்தி எடுக்குற வயசுல முதுகலைப் பட்டம் வாங்கி யாருக்குக் காட்டப்போறீங்க, பிரசவம் பாக்குற கைதானே, அதுக்குக் கறுப்பு அங்கி எதுக்கு" என்று சிரித்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன், அதில் இன்னும் இரண்டு மீதி இருந்தது. கிளினிக்கில் நின்று கால் கடுத்து வீட்டுக்கு வந்து, அடுப்பில் நிஷிமாக் களியைக் கிளறிக்கொண்டே மனதுக்குள் வாக்கியம் சேர்த்து எழுதிய ஆய்வேடு அது. கரண்ட் இல்லாத நேரத்தில் எங்கள் கிளினிக்கில் பெண்கள் எப்படிப் பிள்ளை பெறுகிறார்கள் என்பதை எழுதியிருக்கிறேன். லுசாகாவில் இருக்கும் பேராசிரியர்கள் வீடியோ வழியாக என்னைக் கேள்வி கேட்பது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

லேப்டாப்புக்கு என்ன ஆனது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. சித்தப்பா ஒரு நாள் அதன் வயரில் கால் தடுக்கி, விழாமல் இருக்க மேஜையைப் பிடித்தார், வயர் படாரென்று பிடுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து சொருகியிருந்தால் வேலை செய்யும், பேட்டரியில் மட்டும் சார்ஜ் ஏறாது. திரையின் மூலையில் "சொருகியிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை" என்றே காட்டும். கரண்ட் போகப் போக பேட்டரியில் இருந்ததும் கரைந்து, கடைசியில் வயரைப் பிடுங்கினால் அந்த நிமிடமே அணைந்துவிடும் நிலைமை. எங்கள் பக்கம் காலையில் போகிற கரண்ட் பொழுது சாய்ந்துதான் வருகிறது, தேர்வோ முற்பகலில். கைப்பேசியில் வரலாமா என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டேன், படங்களைத் திரையில் காட்ட வேண்டும், கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றார்கள். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான், "மேடம், வசதி இல்லன்னா ஒத்திவெக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் குடுத்துடுங்க, நிறைய பேரு அப்படித்தான் செய்யுறாங்க" என்றாள். நிறைய பேர் செய்கிறார்கள் என்பதாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. சித்தப்பாவின் அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, ஒரு வார்த்தை கேள் என்று அப்பா சொன்னார். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

டவுனில் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். சிமூசா என்று ஒருவர், மேலாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை, தூக்கிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா, இதுக்கு மேல இதை இழுக்க முடியாது, வேணும்னா உதிரிக்காக நானே எடுத்துக்கறேன்" என்றார். நாடி பார்க்காமல் ஒரு நோயாளியை நான் ஒருநாளும் செத்துப்போனதாக எழுதியதில்லை. "குடுங்க" என்று வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து, "நாளைக்கு இந்த விலைகூடக் கிடைக்காதும்மா" என்றார். கிடைக்காவிட்டால் போகட்டும்.

மறுநாள் கரண்ட் இருந்த நேரத்தில் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் சுவர்ப் பிளக்கில் இஸ்திரிப்பெட்டியைச் சொருகினேன், சூடானது, சுவரில் குற்றமில்லை. வயரை விரல்விரலாகத் தடவிப் பார்த்தேன், எங்கும் நசுங்கல் இல்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து பேட்டரியைக் கழற்றி, பட்டனைக் கொஞ்சநேரம் அமுக்கிப் பிடித்து உள்ளே தங்கியிருந்த கரண்டெல்லாம் வடியவிட்டு, பேட்டரி இல்லாமலே சொருகிப் போட்டேன், ஓடியது. அப்படியானால் சார்ஜர் கரண்ட் கொடுக்கிறது. பேட்டரியைத் திரும்ப மாட்டி மறுபடி போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் என்னவோ வந்தது, நான் படிப்பதற்குள் பக்கத்தில் இருந்த உன் அப்பா கையை நீட்டி ஒரு பட்டனைத் தட்டிவிட்டார், அது போய்விட்டது. "என்ன பண்ணீங்க" என்றேன். "அது தினமும் வரும், தொல்லை, தட்டிவிட்டா போயிடும்" என்றார். தினமுமா என்றேன். "கபாசோ தடுக்கினதுல இருந்து வருது" என்றார், நாளிதழ் படிக்கத்தான் அதை அவர் எனக்கு முன்னாலேயே திறந்து வைத்துவிடுகிறார் அல்லவா. மலாமா, கல்யாணமான நாளிலிருந்து எனக்கு உன் அப்பாவிடம் அவ்வளவு கோபம் வந்ததில்லை. அவர் கையை என் கையால் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். சார்ஜர் எந்த வகை என்று தெரியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாது என்று சுத்தமாக எழுதியிருந்தது. இத்தனை நாளும் அது தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, இவர் அதன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு பிரசவ டார்ச்சை எடுத்து, சார்ஜர் வயரின் முனைக்குள், லேப்டாப்பில் சொருகும் பக்கம், அடித்துப் பார்த்தேன். நடுவில் ஊசி மாதிரி ஒரு கம்பி, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "நான் இன்ன சார்ஜர்" என்று லேப்டாப்பிடம் சொல்வது அந்தக் கம்பிதான், சுற்றி இருக்கும் பாகம் வெறும் கரண்டைத் தருகிறது. சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, புருவம் திருத்தும் இடுக்கியால் மெல்ல நிமிர்த்தினேன். நிமிர்ந்தது, பிறகு ஒடிந்து என் மடியில் விழுந்தது. அப்பா எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த நாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிசோகோனே சந்தைக்குப் போனேன். பழைய சார்ஜர்களைக் கருவாட்டுக் கடை மாதிரி தொங்கவிட்டிருந்த ஒருத்தி, "எல்லாம் ஒண்ணுதான் ஆன்ட்டி, முனை உள்ள போகுதில்ல, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். "உள்ள போனா போதாது, சார்ஜ் ஏறணும், ஏத்திக் காட்டு" என்றேன். ஜெனரேட்டர் ஓடும் கடைதான், ஒவ்வொன்றாகச் சொருகினாள். சிலது போகவே இல்லை, சிலது போயும் ஏறவில்லை, ஒன்று ஏறுவது போல் காட்டிவிட்டு நின்றது, அதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தாள். "ஆன்ட்டி, இன்னிக்கு நான் வியாபாரம் பண்ணவா வேணாமா" என்றாள். "உன் பெட்டியில இன்னும் எத்தன இருக்கு, எடு" என்றேன். அவளுக்கும் கடைசியில் பிடிவாதம் பிடித்துக்கொண்டது, பெட்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டாள். கடைசியில் ஒன்றில் ஓரத்து விளக்கு எரிந்து, எரிந்தபடியே நின்றது, எண் ஏறத் தொடங்கியது. அவள் என் தோளில் தட்டி, "நீங்க மாமியாரா இருந்தா மருமக செத்தா" என்றாள். இதை உன் மனைவியிடம் சொல்லாதே.

தேர்வு அன்று வழக்கம்போல கரண்ட் போனது. பேட்டரி முழுதாக இருந்தது, ஆனால் கிழட்டுப் பேட்டரி, மளமளவென்று இறங்கியது. கேள்விகளுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். முடியும் தறுவாயில் பெரிய பேராசிரியர் ஹச்சூண்டா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "சிஸ்டர் பிரிஸ்கா, எல்லாம் நல்லா இருக்கு, அந்த மூணாவது அத்தியாயம் மட்டும் ஆராய்ச்சி மாதிரி இல்ல, புகார் மாதிரி இருக்கு, அத எடுத்துடுங்க, இன்னிக்கே பாஸ் போட்டுடறோம்" என்றார். அதுதான் போன் வெளிச்சத்தில் பிள்ளை பெற்றவர்களைப் பற்றிய அத்தியாயம். தையல் போட வெளிச்சம் போதாமல் ரத்தம் நிற்காமல் போன அந்த இளம்பெண்ணும் அதில் இருக்கிறாள், உனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். திரை ஓரத்தில் பேட்டரி சிவந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான், "எடுக்க மாட்டேன் ஐயா, அதை எடுத்தா மிச்சமெல்லாம் வெறும் காகிதம், குறை இருந்தா சொல்லுங்க, திருத்தறேன், எடுக்கச் சொல்லாதீங்க" என்றேன். சொல்லி முடித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது, திரை இருண்டுவிட்டது. இருண்ட திரையில் என் முகம்தான் தெரிந்தது. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார், கேட்டீங்களா என்றேன், "நான் கேட்டேன்" என்றார்.

அலுவலகத்துப் பெண் மறுநாள் போன் செய்தாள். நான் சொன்னதைப் பேராசிரியர்களும் முழுதாகக் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு பேராசிரியர், பேசாமலே இருந்த ஒரு அம்மா, அத்தியாயம் இருக்கட்டும் என்று வாதாடினாராம். தகவல் சேர்த்த விதத்தை இன்னும் விரிவாக எழுதி அடுத்த வருடம் கொடுக்க வேண்டுமாம், அதன் பிறகுதான் பட்டம். கபாசோ விழுந்து விழுந்து சிரித்தார், "அப்பவே நாங்க சொன்னோமே அண்ணி, கடைசியில அதே அடுத்த வருஷம்தானே" என்றார். நீயும் அப்படி நினைக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒத்திப்போட்டவள் வேறு, ஒத்துக்கொள்ளாதவள் வேறு. நான் ஒத்துக்கொள்ளாதவள். இதை அவர் முகத்துக்கு நேராகவும் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு நின்றது.

புது லேப்டாப் அனுப்பாதே, வந்தால் உறை பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். மனம் கேட்காவிட்டால் ஒரு பேட்டரி மட்டும் அனுப்பு, அதன் எண்ணைப் பின்பக்கத்தில் எழுதச் சொல்லி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாதே, மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையை ஞாபகப்படுத்து, வாந்தி வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. பிறக்கப்போகிற குழந்தைக்கும் உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொஞ்சம் பிடிவாதமும் தரட்டும். உன் தங்கைக்குப் போன் செய்ய மறக்காதே, அவள் கோபமாக இருக்கிறாள், காரணம் அவளே சொல்வாள்.

என்றும் உன் அம்மா,
பிரிஸ்கா