கோழி தின்ற மாத்திரை

அக்கா,

உங்களுக்கு எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காகிதத்தைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. "இதுல இன்னா வில்லங்கம் எழுதி வெச்சிருக்க?" என்று கேட்டு, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வீர்கள். இப்போது அப்படிக் கேட்க நீங்கள் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இன்று வார்டில் காசநோய்க்குக் கொடுக்கிற கேப்சூல் ஒன்று உடைந்து, சிவப்புத் தூள் என் விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கிறது. அதைப் பார்த்ததும் உங்கள் கோழி ஞாபகம் வந்தது.

எங்கள் மருத்துவக் கல்லூரி ஜீப் உங்கள் மலைக்கு வந்த நாட்களில், பள்ளிக்கூடத்து மரத்தடியில் மேசை போட்டு உட்காருவோம். நீங்கள் இருமிக்கொண்டே வந்தீர்கள். நாடி பார்க்க நான் கை நீட்டியதும் உங்கள் கை பின்னால் போய்விட்டது.

"நீ எந்த ஊரு பொண்ணு?"

"சந்தவாசல்."

"யாரு வூடு?"

மலைப்புளி வாங்கி விற்கும் அப்பாவின் கடையைச் சொன்னேன்.

"அவன் பொண்ணா! உங்கப்பன் தராசுல கட்டைவிரல வெச்சு அழுத்துவான். நீ எதுல அழுத்துவ?"

வரிசையே சிரித்தது. அப்பாவின் கட்டைவிரலைச் சிறுவயதில் நானும் பார்த்திருந்தேன். சளி துப்ப ஒரு டப்பாவை உங்களிடம் நீட்டினேன்.

உங்கள் சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. மாத்திரையை விடாமல் தின்றால் பிழைப்பீர்கள், நடுவில் நிறுத்தினால் கஷ்டம் என்று சொன்னேன். தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நான் துளியும் நம்பவில்லை. அடுத்த முறை வந்ததும் அதைத்தான் கேட்டேன்.

"தின்னீங்களா அக்கா?"

"மொதல்ல கோழி தின்னுச்சு. சாமையில கலந்து போட்டேன். ஒரு சந்தை போயி மறு சந்தை வரைக்கும் பார்த்தேன். சாவல. முட்டகூட வுட்டுச்சு. அப்புறம்தான் இன்னிக்கு நான் தின்னேன்."

அதற்கடுத்த முறை நீங்கள் வரவேயில்லை. உங்களுக்கு ரத்தமாகப் போகிறதாம், டாக்டர் பொண்ணு ரத்தத்தை உருக்குகிற மருந்தைக் கொடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களாம். அந்த மருந்து தின்றால் சிறுநீர் சிவப்பாகத்தான் போகும். கெடுதல் ஒன்றும் இல்லை. சொன்னால் மலைக்காரர்கள் பயந்துவிடுவார்கள், சொல்ல வேண்டாம் என்று பெரிய டாக்டர் ஜீப்பிலேயே சொல்லியிருந்தார். அத்தனை ஆண்கள் நடுவில் அந்தப் பேச்சை எடுக்க எனக்கும் கூச்சம். கோழியைப் பார்த்தும் உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டுக்கு நடந்து வந்தேன். கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றீர்கள். "உங்கப்பன் புத்தி உனுக்கு இல்லாம எங்க போவும்?" என்றீர்கள். எந்த விளக்கமும் உங்கள் காதில் ஏறவில்லை. மிச்சமிருந்த மாத்திரைகளில் ஒன்றை வாங்கி, உங்கள் பானைத் தண்ணீரிலேயே முழுங்கினேன்.

"கீழ போயி வாந்தி எடுத்துடுவ."

"போகல. இங்கியே இருக்கேன்."

வெயில் சாயும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒதுங்கப் போக வேண்டும் என்றதும் நீங்களும் எழுந்தீர்கள். ஹாஸ்டல் அறையில் விளக்கணைத்து உடை மாற்றுகிறவள் நான்.

"திரும்பி நில்லுங்கக்கா."

"திரும்பினா நீ இன்னாத்த கலந்து ஊத்துவியோ!"

கடைசியில் குனிந்து பார்த்தீர்கள். "அட, உனுக்கும் அதே செவப்பு!" சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் நான் கேட்காமலே மணிக்கட்டை நீட்டினீர்கள். அன்றிலிருந்து ஒருநாளும் மாத்திரையை விடவில்லை. இருமலும் நின்றது.

போன மழையில் நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாக ஜீப் டிரைவர்தான் சொன்னார். கீழே ஏதோ ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்களாம். என்ன காய்ச்சல், என்ன ஊசி? கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஓயாமல் கேள்வி கேட்கிற மலைக்காரி என்று யாரோ முகம் திருப்பியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஆதாரம் இல்லை. ஆனாலும் அது போகவில்லை.

இப்போதெல்லாம் மாத்திரையைத் தருவதற்கு முன்பே, "செவப்பா போவும், பயப்படாதீங்க" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன். நர்சுகள் சிரிக்கிறார்கள். கூச்சம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

ஆனால் இன்று கூட்டம் அதிகம். ஒரு பெரியவரிடம் ஒன்றும் சொல்லாமல் மாத்திரையை நீட்டிவிட்டேன். அவரும் ஒன்றும் கேட்காமல் முழுங்கிவிட்டார். சொல்ல வேண்டியதைப் பிறகு ஓடிப்போய்ச் சொன்னேன். "நீ குடுத்தா சரிதாம்மா" என்றார். அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன், அக்கா. நான் மாத்திரையை நீட்டும்போதெல்லாம் எதிரில் வந்து நின்று என் கட்டைவிரலைப் பாருங்கள். என்னை மட்டும் நம்பிவிடாதீர்கள்.