நாகவல்லி அக்காவைத் தடுத்த கம்ப்யூட்டர்

அம்பத்தூர்
12.8.1995

அன்புள்ள அம்மாவுக்கு, செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா?

போன வாரம் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரில், அதை இயக்கும் யூனிக்ஸ் என்ற புரோகிராமைப் புதிதாகப் போட்டேன். என் வசதிக்காக ஸ்டோர்ஸ் பதிவுகளை வேறு டிஸ்குக்கு மாற்றினேன். மறுநாள் காலை ஸ்டோர்ஸில் பதினெட்டு வருடமாக வேலை செய்யும் நாகவல்லி அக்கா அவற்றைத் திறந்தபோது, அனுமதி இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஏற்கெனவே இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அக்கா யாரிடமும் கேட்காமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“இன்னாம்மா, என் பேர எடுத்துட்டாங்கன்னு நேரா சொல்லியிருக்கலாமே” என்றார்.

“இல்லக்கா, தப்பு என் மேலதான். மாத்தும்போது எல்லாப் பதிவும் என் பேருக்கு வந்துடுச்சு, அதான் உங்களுக்குத் திறக்கல.”

அக்கா நம்பவில்லை. கையைப் பிடித்து அழைத்துவந்து, அவர் கண்ணெதிரே பதிவுகளை அவர் பேருக்கு மாற்றினேன். இரண்டு நிமிட வேலைதான். முதல் பக்கம் திறந்ததும் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “துன்னியா?” என்று கேட்டு, டிபனில் பாதியை எனக்குக் கொடுத்தார். மேனேஜர் திட்டவில்லை, கவலைப்படாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பச்சைப் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிரில்லை, இருந்தாலும் அனுப்புங்கள். கடிதத்தை அப்பாவை எழுதவைக்காமல் நீங்களே எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், உங்கள் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

செண்பகவல்லி