வலப்பக்கம் கூவிய பறவை

ஜூன் 16, செவ்வாய்

இன்று வீட்டுக் கூட்டத்தில் குறட்டை விட்டேன். ஒரே கூரையின் கீழ் வாழும் எங்கள் இருபத்தெட்டுக் குடும்பமும் உட்கார்ந்திருந்த நீளக் கூடத்தின் கடைசிவரை கேட்டதாம். கண் விழித்தால் தலைவர் என்னையே பார்க்கிறார். மானத்தைக் காப்பாற்ற, "சரி, நான் செய்றேன்" என்றேன். எதைச் செய்ய ஒப்புக்கொண்டேன் என்று பிறகு மனைவியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வியாழன் விடியலில் தனியாகக் காட்டுக்குள் போய் நின்று பறவைக் குரல் கேட்டுவர வேண்டும். நான் வந்து சொன்ன பிறகுதான் படகு நகரத்துக்குக் கிளம்பும்; போய்ச் சேர ஒரு முழுப் பகல் ஆகும்.

"லெமியாங் அப்பா, இதுலயும் கோமாளித்தனம் பண்ணிறாதீங்க" என்றாள்.

பண்ண முடியாது. எங்கள் இடுகாட்டுக் குன்றையும் சேர்த்து எண்ணெய்ப்பனைக் கம்பெனி கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை நில அலுவலகத்தில் விசாரணை. நேரில் போய் ஆட்சேபம் சொல்லாவிட்டால் குன்று அவர்களுடையது. போன வருடம்தான் என் மைத்துனன் ஜந்தாய் தன் பெண்டாட்டியை அங்கே புதைத்தான்.

ஜூன் 18, வியாழன்

படகு கிளம்பவில்லை.

கெதுபோங் பறவை கூவியது, ஒரே ஒரு தடவை. எங்கள் வழக்கப்படி இடப்பக்கம் என்றால் போகலாம்; வலப்பக்கம் என்றால் அன்றைக்குப் பயணம் கிடையாது. எனக்கு வலப்பக்கம் கேட்டது. இடம் என்று சொல்லிவிடலாமா? இந்த ஆற்றங்கரையில் என்னைவிடப் பெரிய புளுகன் இல்லை. எனக்கா பொய் சொல்லத் தெரியாது? ஆனால் ஆறு பேர் படகில் இருக்கிறார்கள். ஆற்றில் ஏதாவது ஆனால்?

துறைக்கு வந்து, "வலப்பக்கம்" என்றேன்.

ஜந்தாய் தன் பெண்டாட்டியின் இறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தான்.

"நல்லாக் கேட்டியா மச்சான்?"

"கேட்டேன்டா."

படகிலிருந்து இறங்கினான். தலைவர் மோட்டாரைக் கழற்றச் சொன்னார்.

ஜூன் 22, திங்கள்

மறுநாளே கிளம்பித் தலைவரும் ஜந்தாயும் போய்ச் சேர்வதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. சனி, ஞாயிறு காத்திருந்து இன்று கேட்டுவிட்டுப் போனில் சொன்னார்கள். "யாரும் வரல. ஆட்சேபம் இல்லன்னு எழுதியாச்சு" என்றாராம் குமாஸ்தா. பறவை தடுத்தது என்று தலைவர் சொன்னதற்குச் சிரிக்காமல், "அதுக்குப் படிவம் இல்லியே, பெரியவரே" என்றாராம். நல்ல மனுஷன் போலிருக்கிறது.

ஜூன் 24, புதன்

என்னை யாரும் திட்டவில்லை. திட்டினால் பதிலுக்கு நாலு சொல்லலாம்.

ஆகஸ்ட் 3, திங்கள்

குன்றுக்கு மண் தள்ளும் இயந்திரம் இரண்டு வந்தது. பன்றி அறுத்து, இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். தலைவர் பெயர் பெயராகக் கூப்பிட்டார். என் அப்பாவின் பெயர் வந்தபோது நான் — இல்லை, எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

ஜந்தாய் குன்றுக்குப் போய், பெண்டாட்டியோடு புதைத்த ஜாடியின் உடைந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். கையளவு இருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னாலதான்டா" என்றேன்.

"ஒன்னாலயா? பறவை சொன்னத நீ வந்து சொன்ன. இடம்னு பொய் சொல்லி, படகு கவுந்து நாங்க செத்திருந்தா? எங்களப் பொதைக்கவும் அந்தக் குன்றுக்குத்தானே தூக்கணும்?" துண்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அதிசயமா ஒரு நாள் உண்ம பேசுன. அதுக்குப் போயி அழுவுற" என்றான்.

அன்றைக்கு நான் உண்மைதான் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

செப்டம்பர் 9, புதன்

மருத்துவப் படகு வந்தது. காதில் தண்ணீர் புகுந்து கடகடக்கிறது என்று காட்டினேன். நர்ஸம்மா என் கண்ணை மூடச் சொல்லி விரலைச் சொடுக்கி, எந்தப் பக்கம் என்று கேட்டாள். வலது என்றேன். மறுபடி சொடுக்கினாள். வலது. மறுபடியும் வலது.

"இடது காது செத்துப் பல வருஷம் இருக்கும், ஐயா. தெரியாதா?" என்றாள்.

மூன்று தடவையும் அவள் இடப்பக்கம்தான் நின்றிருந்தாளாம்.